தனியே நடந்த வழி

காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கோவையில் உன் பேரனைத் தெருமுனைக் கடைக்குக்கூடத் தனியே அனுப்ப மறுக்கிறார்கள் என்று நீ வருந்தி எழுதியிருந்ததைப் படித்ததும், 1974இல் நாம் இருவரும் மாந்தோப்புகளின் நடுவே மூன்று மைல் நடந்து பள்ளிக்குப் போனது நினைவுக்கு வந்தது.

அன்று சேலம் ரோட்டில் ஒரு லாரி போனால் அடுத்தது வருவதற்குள் ஆளுக்கு ஒரு மடி புளியங்காய் பொறுக்கிவிடுவோம். அதே சாலை இன்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வளர்ந்த நானே பாலத்தடியில் சுற்றித்தான் மறுபுறம் போகிறேன். ஆகையால் பேரனைத் தனியே அனுப்பத் தயங்கும் என் மகனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாம் தனியாகப் போனோம் என்பதே பாதிதான் உண்மை. தோப்புக் காவல்காரர், ஆடு மேய்க்கும் கிழவி, பெட்டிக்கடைக்காரர் என்று வழியெங்கும் நம்மை யார் வீட்டுப் பிள்ளை என்று அறிந்தவர்கள் இருந்ததால், திருடிய மாங்காயைத் தின்று முடிப்பதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருக்கும். இன்று அந்தத் தோப்புகளில் பாதி வீட்டுமனையாகிவிட்டன; இளைஞர்கள் விடியுமுன்பே கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்குப் போய்விடுகிறார்கள்; பகலில் அந்த வழியில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகிய கதையைப் பேரப்பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோமே, அதே கிணற்றில் நம் வகுப்புத் தோழன் ஒருவன் மூழ்கிப் போனதை நீயோ நானோ ஒருமுறையாவது சொல்லியிருக்கிறோமா? அந்தச் சுதந்திரமும் பையன்களுக்குத்தான். வயதுக்கு வந்த மறுநாளே உன் அக்காவின் படிப்பு நின்றது. இன்று என் பேத்தி அரசு கொடுத்த சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போய் வருகிறாள். யாராவது தொந்தரவு செய்தால் அழைக்க வேண்டிய 1098 என்ற எண்ணும் அவளுக்கு மனப்பாடம். நமக்கோ, அப்படி ஒன்று நடந்தால் வீட்டில் சொல்ல வார்த்தைகூடக் கிடையாது.

போன வாரம் பேரனிடம் தூக்குவாளியைக் கொடுத்துப் பால் சொசைட்டிக்குத் தனியே அனுப்பினேன். மனம் கேட்காமல் நூறடி பின்னால் நானும் போனேன். திரும்பிப் பார்த்தவன், "தாத்தா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். நான் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டேன்.

மாங்காய்ப் பருவத்தில் உன் பேரனை அழைத்து வா.

உன் நண்பன்