கடல் மோதலின் கரைக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விசைப்படகினரும் நாட்டுப்படகினரும் கடலில் மோதிக்கொள்ளும் போதெல்லாம் ‘மீனவர்களிடையே மோதல்’ என்றே செய்தி வெளியாகிறது. அதிகாரிகள் அமைதிக் கூட்டம் கூட்டுகிறார்கள்; இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கலைகின்றன. மோதியவர்கள் யாருடைய முதலீட்டுக்காக மோதினார்கள் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-லேயே கூறிவிட்டது. ஆனாலும் இறால் கரையோரத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்த பிறகே தொழிலாளர்களுக்குப் பங்கு என்பதால், பாடு (பிடிபடும் மீன்) குறைந்த நாளில் வெறுங்கையோடு கரையேறப்போவது, பெரும்பாலும் கடலுக்கே வராத உரிமையாளர் அல்லர், ஓட்டுநரும் மடி (வலை) இழுப்பவர்களும்தான். அந்த 3 மைல் எல்லையைத் தாண்டும் முடிவு அந்தக் கணக்கிலேயே பிறக்கிறது. விசைப்படகு கடலில் இழுத்துச் செல்லும் பை போன்ற வலையான இழுவைமடியில் சிக்கி அறுபடும் வலையோ, எதிர்ப்புறத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கும் மீனை அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கக் கடமைப்பட்ட ஒருவருடையதாக இருக்கும். கடன்பட்டவரும் கூலிக்குப் போனவரும் நடுக்கடலில் கல்லெறிந்துகொள்கிறார்கள்.

மீன்கூட்டத்தை வளைத்து அடியில் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலையான சுருக்குமடியின் விவகாரமும் வேறல்ல. பல லட்சம் ரூபாய் பெறும் அந்த வலையைப் பங்கு போட்டு வாங்க முடிந்த ஊர் ஒன்று, முடியாத ஊர் ஒன்று என ஒரே சமூகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்கள் மட்டும் சுருக்குமடியைப் பயன்படுத்த 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளுடன் இடைக்கால அனுமதி அளித்தது. அவ்வளவு தூரம் போய்வர வசதியில்லாத படகுகளுக்கு அதனால் என்ன பயன்? (கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களை இந்த வழக்குகளில் யாரும் ஒரு தரப்பாகக் கருதியதாகவே தெரியவில்லை.)

இந்தோனேசியா 1980-இல் ஜாவா, சுமத்ரா தீவுகளைச் சுற்றி இழுவைமடிக்குத் தடை விதித்ததற்கு, சிறு மீனவர்களின் கொந்தளிப்பும் முக்கியக் காரணம். அத்தகைய தடையை இங்கே ஒரே நாளில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் எல்லை மீறும் படகுக்கான அபராதத்தைத் தொழிலாளர் பங்கில் கழிக்காமல் உரிமையாளரிடமே வசூலிக்கவும், அறுந்த வலைக்கு அதிலிருந்தே இழப்பீடு வழங்கவும், அமைதிக் கூட்டங்களுக்குப் படகு உரிமையாளர் சங்கங்களோடு மடி இழுக்கும் தொழிலாளர்களையும் மீன் விற்கும் பெண்களையும் அழைக்கவும் மீன்வளத் துறை முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்