கோபுரத்தை விரட்டினால் கதிர்வீச்சு குறையுமா?

ஆசிரியருக்கு,

குடியிருப்புக்குள் செல்போன் கோபுரம் அமைக்க நெல்லைப் புறநகரில் எழுந்துள்ள எதிர்ப்பு பற்றிய செய்தியைப் படித்தேன். கோபுரத்தின் கதிர்வீச்சு உடல்நலத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால், எக்ஸ் கதிரைப்போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றல், கோபுரமும் கைபேசியும் அனுப்பும் ரேடியோ அலைக்குக் கிடையாது. மேலும், 2012-இல் இந்தியா கோபுரங்களுக்கான கதிர்வீச்சு வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. கோபுரம் தள்ளிப் போனால் கைபேசிதான் கூடுதல் ஆற்றலுடன் அலைகளை அனுப்பும். பாபநாசம் மலைச்சாலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் பத்து நிமிடம் பேசினால் என் காதுமடல் சுடுகிறது. பேட்டரியும் மளமளவென இறங்குகிறது. (சூடு பெரும்பாலும் கருவியின் உழைப்பால் வருவது, அந்த உழைப்புதான் கவனிக்க வேண்டியது.) தொலைத்தொடர்புத் துறையினர் அளவுமானியுடன் கிராம சபைக்கே வந்து, மக்கள் கண்முன் அளந்து காட்டட்டும்.

– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை