செவிப்பயிற்சி தாய்மொழியில் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய மருத்துவ ஆராய்ச்சியாளர் கிரேம் கிளார்க் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். காது மந்தமான தந்தை மருந்துக்கடையில் படும் சங்கடத்தைப் பார்த்து வளர்ந்த சிறுவன் செவி அறுவை மருத்துவரானதும், உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் நத்தைச்சுருளுக்குள் (காக்ளியா) மின்முனைகளைச் செலுத்த வழி தேடித் தவித்ததும், 1977இல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்து, நுனி வளைந்துகொடுத்து அடி விறைப்பாக இருந்தால் அது சுருளுக்குள் ஏறிவிடும் என்று கண்டுகொண்டதும், 1978 ஆகஸ்ட் 1 அன்று மெல்போர்னில் முதல் நோயாளிக்குப் பல மின்முனைகள் கொண்ட காக்ளியர் இம்பிளான்ட் என்னும் செவிக்கருவியைப் பொருத்தியதும் அதில் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன.

ஆனால் கட்டுரை அறுவை அரங்கின் வாசலோடு நின்றுவிட்டது. காக்ளியர் இம்பிளான்ட் கருவி நரம்புக்குத் தருவது மின்துடிப்பை மட்டுமே. அந்தத் துடிப்பு ‘அம்மா’ என்ற சொல்லாக மாறுவது மாதக்கணக்கான பயிற்சியால்தான். கிளார்க்கின் குழுவிலும் செவித்திறன் வல்லுநர்களும் பேச்சொலி ஆய்வாளர்களும் இடம்பெற்றிருந்தார்கள்.

கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் தமிழ்வழிப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எங்கள் பகுதித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு சிறுவன் இருக்கிறான். பிறந்தவுடன் அவனுக்குச் செவிப் பரிசோதனை நடக்கவில்லை. அவன் அப்பனுக்கும் பேச்சு தாமதமாகத்தான் வந்தது என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல மூன்று ஆண்டுகள் கழிந்தன. பிறகுதான் ஒலிக்குச் செவி நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனை செய்து, நான்கு வயதில் கேரள அரசின் உதவியோடு அறுவை முடிந்தது. தாமதமானாலும் அறுவை நல்லபடியாக நடந்ததை நன்றியோடு சொல்ல வேண்டும்.

சிக்கல் பயிற்சியில் தொடங்கியது. மலையிறங்கிச் செல்லும் மையத்தில் பயிற்றுநர் அன்பானவர். ஆனால் மலையாளம் மட்டுமே அறிந்தவர். தம்ளரைக் காட்டி அவர் ‘வெள்ளம்’ என்கிறார். வீட்டில் தாய் ‘தண்ணி’ என்கிறார். அங்கே ‘பூச்ச’, இங்கே ‘பூனை’. இரண்டு மொழி கேட்பது குழந்தைக்குச் சுமை என்று நான் சொல்லவில்லை. எல்லையில் வாழும் நம் பிள்ளைகள் அனைவருமே அப்படித்தான் வளர்கிறார்கள். ஆனால் இந்தப் பயிற்சியின் முக்கால் பங்கு வீட்டில் நடப்பது. அன்றைய பாடத்தைச் சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தாய் பேசிப் பேசித்தான் பதியவைக்க வேண்டும். தனக்கே பழகாத மொழியில் அவர் எப்படிப் பேசுவார்? காலையில் கொழுந்தெடுக்கப் போகுமுன், வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிக் கருவி சரியாக இயங்குகிறதா என்று அவர் தவறாமல் சோதிக்கிறார். செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பேச்சுப் பயிற்சி வல்லுநர் டேனியல் லிங் வகுத்த இந்தச் சோதனையில் மொழி குறுக்கிடுவதில்லை. அதைத் தாண்டிய ஒவ்வொரு படியிலும் குறுக்கிடுகிறது.

தாய் வீடு எல்லைக்கு அப்பால் தமிழகத்தின் கம்பம் ஊரில் இருப்பதால் தமிழ்ப் பயிற்சிக்கு அங்கே போகலாம் என்று முயன்றார்கள். ரேஷன் அட்டை கேரளத்தது என்பதால் இலவசமாகச் சேர்க்க இயலாது என்று ஒரு மையத்தில் சொல்லிவிட்டார்கள். கட்டணம் கட்டத் தோட்டக் கூலி போதாது. மலை மழையின் ஈரத்தில் கெட்டுப்போகும், காதுக்கு வெளியே அணியும் புறக்கருவியின் பழுதுச் செலவே அவர்களுக்குப் பெரும் பாரம்.

தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் கேரளத்தின் ஸ்ருதிதரங்கம் என்னும் காக்ளியர் இம்பிளான்ட் உதவித் திட்டமும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல லட்ச ரூபாய் சிகிச்சையை எட்டவைத்தவை. அந்த இரு அரசுகளும் பேசி, எந்த மாநிலத்தில் அறுவை நடந்திருந்தாலும் குழந்தையின் வீட்டு மொழியில் பயிற்சி பெற வழிசெய்ய வேண்டும். குமுளியிலோ கம்பத்திலோ தமிழறிந்த பயிற்றுநர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்தாலே இந்த மலைப்பகுதிப் பிள்ளைகளுக்குப் போதுமானது. எல்லையின் இருபுறமும் படிக்கப்படும் தங்கள் நாளிதழ் இதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஜூனில் அவனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழ்வழியா, மலையாளவழியா என்று அவன் தாய் என்னிடம் கேட்டிருக்கிறார். பயிற்சி எந்த மொழியில் தொடரும் என்று தெரிந்தால்தான் என்னால் அவருக்கு விடை சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.