மல்லிப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

2022 செப்டம்பரில் நம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்களே, நாட்டுப்படகுகளை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். இல்லை. எப்போதும்போல் போகின்றன.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் வலையில் ஓர் ஆவுளியா, அதான் அந்தக் கடற்பசு, சிக்கியது. நானும் படகில் இருந்தேன். வலை கனத்ததும் பெரிய திருக்கை என்றுதான் நினைத்தோம். கிட்டே போனால் சாம்பல் முதுகு, தடித்த மேலுதட்டில் துடைப்பக் குச்சி மாதிரி மயிர், மூக்குத் துவாரம் இரண்டும் மூடி மூடித் திறக்கின்றன. அதற்கு ஏது செவுள்? சில நிமிடத்துக்கு ஒருதரம் மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டும். வலை அமுக்கினால் தண்ணீரிலேயே மூச்சுமுட்டிச் செத்துவிடும். பையன் கத்தியை எடுத்தான், வலையை அறுத்துவிட்டான். அது வாலால் ஓர் அடி அடித்து எங்களை நனைத்துவிட்டுப் போனது.

நம் சின்ன வயதில் இது நடந்திருக்குமா? ஓலைப்பெட்டியில் மறைத்து வந்த ஆவுளியாக் கறியை நீயும் தின்றிருக்கிறாய், மறுக்காதே. 1972லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஜெயிலுக்குப் பயந்து சத்தமில்லாமல் வெட்டிப் பங்கு போட்டார்களே தவிர, உயிரோடு விட்டவர் குறைவு. இப்போது விடுவித்தால் வனத்துறை வெகுமதி தருகிறது. நல்லதுதான். ஆனால் என்னைக் கேட்டால், அறுந்த வலையின் விலையைக் கொடுத்துவிட வேண்டும். வலை போனால் மறுநாள் எதைக் கொண்டு தொழிலுக்குப் போவான்?

பெரிய தலைவலி வேறு. விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை, கடலடியில் வளரும் கடல்தாழைப் புல்லை வேரோடு வாரிக்கொண்டு போகிறது. ஆவுளியாவுக்கு அதுதான் சாப்பாடு, நாளைக்கு முப்பது நாற்பது கிலோ. ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்ததற்கு மூன்று வருஷமாவது ஆகும். இந்தியா முழுக்கச் சில நூறுதான் மிச்சம். இழுவைமடிக்காரர்களில் என் மச்சானும் ஒருவன். வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை. ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

அப்புறம், பையனுக்குப் புது வலை வாங்கப் பழைய கூட்டாளிகள் சேர்ந்து பணம் போடுகிறோம். உன்னைக் கேட்காமலே உன் பேரை எழுதிவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது கொடுத்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி