14416 என்ற மனநல உதவி எண்ணை முதல் பக்கத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தற்கொலைச் செய்தி ஏதாவது வந்தால் அதன் அடியில் சின்ன எழுத்தில் கட்டம் கட்டி, 104-ஐ அழையுங்கள், சிநேகா அமைப்பின் 044-24640050-ஐ அழையுங்கள் என்று போடுகிறீர்கள். நல்ல காரியம்தான், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்களை வேறு எந்தப் பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. இதனால் என்ன ஆகிவிட்டது என்றால், அதெல்லாம் சாகப் போகிறவர்கள் போன் பண்ணுகிற நம்பர் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. தூக்கம் வராதவன், நெஞ்சு படபடக்கிறவன், புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பவள், இவர்களில் ஒருவர்கூட அது தனக்கும்தான் என்று நினைப்பதில்லை.

நான் திண்டுக்கல் மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். காய்ச்சல் சீசன் தொடங்கிவிட்டால் "மறுபடியும் கொரோனாவா?" என்று நீங்கள் தலைப்புப் போடுகிறீர்கள், அதைப் பார்த்ததும் 2020, 2021 இரண்டு வருஷமும் கண் முன்னால் வந்துவிடுகிறது. அப்போது உடம்பைக் கவனித்த அளவுக்கு மனசை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க ஆள் இல்லாமல் இல்லை, எங்கே போவது என்று மக்களுக்குத் தெரியவில்லை, அதைத்தான் எழுத நினைத்தேன்.

தனிமைப்படுத்திய வீடுகளுக்கு நாங்கள் போகும்போது கையில் ஒரு படிவம் இருக்கும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சு வாங்குகிறதா, வாசனை தெரிகிறதா, ஆக்சிஜன் எவ்வளவு. போனில் கூப்பிட்டுக் கேட்கிறவர்களும் இதையே கேட்பார்கள். ராத்திரி தூங்கினீர்களா என்ற கேள்வி நான் வைத்திருந்த தாளில் கிடையாது. நானாகக் கேட்டால் போதும், தகரம் அடித்த வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொட்டித் தீர்ப்பார்கள். பால்காரர் வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள், பிள்ளை வெளியே வந்தால் கத்துகிறார்கள். நோயைவிட, தொற்று உள்ள வீடு என்று வாசலில் ஒட்டிய அந்த ஸ்டிக்கர்தான் பலரைச் சாய்த்தது.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூ வியாபாரி. ஊரடங்கில் மல்லிகையைப் பறித்துக் கொட்டினவர், நஷ்டம் தலைக்கு மேல். இரண்டாவது அலையில் அவருக்குப் பாசிட்டிவ் வந்தது, லேசான காய்ச்சல்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினவர் மாட்டினவர்தான். "நர்சம்மா, தூங்கும்போதுகூடக் கழட்ட மாட்டேங்கிறாரு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து வெளிச்சத்துல பாக்குறாரு" என்று அவர் மனைவி சொன்னார். 98 காட்டுகிறது, மனுஷன் மூச்சு முட்டுகிறது என்கிறார், கை விறைக்கிறது, உதடு மரத்துப் போகிறது, இதோ போகப் போகிறேன் என்கிறார். இது நடிப்பு இல்லை. பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பில் கரியமில வாயு குறைந்துபோய் கை, உதடு எல்லாம் மரத்துப்போகும், அதைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமாக மூச்சு. மீட்டரை மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன், ஒரு நாளைக்கு நான்கு வேளை மட்டும் பாருங்கள், 94-க்குக் கீழே போனால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி, மற்ற நேரம் பார்க்கக் கூடாது என்றேன். படபடப்பு வந்தால் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, இழுக்கிற மூச்சைவிட விடுகிற மூச்சு நீளமாக இருக்கிற மாதிரி மெதுவாக விடுங்கள் என்று கூடவே நின்று செய்யவைத்தேன். வீட்டில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த டிவியை (எந்தச் சேனல் என்று சொல்ல வேண்டாம், எல்லாச் சேனலும் ஆம்புலன்ஸைத்தான் காட்டிக்கொண்டிருந்தது) அணைத்தோம். உடனே சரியாகிவிடவில்லை. ஒரு வாரம் போல ஆகி மெல்லத் தூங்க ஆரம்பித்தார். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, போனில் ஒரு ஆலோசகர் செய்திருக்கக்கூடிய வேலை. ஆனால் அந்த வீட்டில் ஒருவருக்கும் அப்படிப் போன் பண்ணலாம் என்றே தெரியாது.

இன்னொன்று, ஸ்டீராய்டு. மூச்சுத்திணறல் வந்தவர்களுக்கு டெக்சாமெதாசோன் கொடுத்தார்கள், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து, சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தூக்கம் போய்விடும், எரிச்சல் வரும், சம்பந்தமில்லாமல் பேசுகிறவர்களும் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தவர் ராத்திரியெல்லாம் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கொரோனா மூளைக்கு ஏறிவிட்டது என்று வீடே அலறியது. மருந்தால் இப்படி ஆகலாம், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

குடிப் பழக்கம் பற்றி எழுதினால் சிலருக்கு முகம் சுளிக்கும், எழுதத்தான் வேண்டும். 2020 மார்ச் 24 சாயங்காலத்தோடு டாஸ்மாக் கடைகளை மூடினார்கள், மே 7-ந் தேதிதான் திரும்பத் திறந்தார்கள். குடித்தே பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, அப்புறம் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, சிலருக்கு வலிப்பு. உயிரே போகலாம். இதற்கு மாத்திரை இருக்கிறது, பி1 வைட்டமின் ஊசி இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது. நம் ஊரில் என்ன நடந்தது? திருந்திவிட்டான் என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள், பேய் பிடித்துவிட்டது என்று சிலர் வேப்பிலை அடித்தார்கள். வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தவர்கள் செய்தியை நீங்களே போட்டீர்கள். அந்தச் செய்திகளுக்குக் கீழே "நடுக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்" என்று ஒரு வரி இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஏற்கெனவே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கதை தனி. மாதம் ஒருமுறை பஸ் ஏறி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள், பஸ் நின்றதும் மாத்திரையும் நின்றது. வருஷக்கணக்காக நன்றாக இருந்த ஒரு பெண், ஊரடங்கு முடிவதற்குள் மறுபடி யாரோ காதில் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். இந்த விஷயத்தில் மட்டும் அரசைப் பாராட்டவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்து சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வந்தன. அதே பையில் மனநோய் மாத்திரையும் எல்லா ஊருக்கும் வரட்டும்.

இதையெல்லாம் நினைக்கும்போது எனக்குத் தோன்றுவது, நம் ஜனங்களுக்கு மனசு விட்டுப் பேச இடமே இல்லாமல் இருக்கவில்லை. டீக்கடை இருந்தது, நூறு நாள் வேலையில் வரப்போரம் உட்கார்ந்து பேசுவது இருந்தது, கோயில் பூசாரி, தர்கா, ஞாயிற்றுக்கிழமை சர்ச், குழாயடி. ஊரடங்கு ஒரே நாளில் இதையெல்லாம் சாத்தியது. மிச்சம் இருந்தது ஆஸ்பத்திரி ஒன்றுதான், அதைப் பார்த்தாலே பயம். கோயிலுக்கும் தர்காவுக்கும் போகிறவர்களைக் கேலி செய்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்துக் காப்பகத்தில் 2001-ல் சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் தீயில் கருகினார்களே, அதற்குப் பிறகு பல வருஷம் கழித்து அந்தத் தர்காவிலேயே வேண்டுதலோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கிற 'தவா துவா' திட்டம் வந்தது. மந்திரிப்பவரையும் மருத்துவரையும் சேர்த்து உட்காரவைத்தால் ஜனங்கள் வருகிறார்கள் என்று தெரிகிறது இல்லையா, அப்படியானால் அடுத்த தொற்றுக்கு இப்போதே பூசாரிகள், ஜமாத், பங்குத் தந்தைகள் கையில் 14416 என்ற நம்பரைக் கொடுத்து வைக்க என்ன தடை?

சாவு வீடுகள். எங்கள் பக்கம் கேதம் கேட்கப் போவது என்றால் ஊரே போகும், ஒப்பாரி வைத்து அழுது, பதினாறாம் நாள் காரியம் முடிப்பதற்குள் அந்த வீட்டுக்காரர்களைச் சுற்றி ஆள் இருந்துகொண்டே இருக்கும். கொரோனாவில் செத்தவரை மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய், தூரத்தில் நிறுத்தி முகத்தை மட்டும் காட்டினார்கள், சில இடத்தில் அதுவும் இல்லை. சென்னையில் கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடலைப் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மேல் கல்லெறிந்தது 2020 ஏப்ரலில், அதற்குப் பிறகுதான் உடலை அடக்கம் செய்வதைத் தடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று அவசரச் சட்டம் வந்தது. டாக்டருக்கே அந்தக் கதி. அழ வேண்டிய நேரத்தில் அழாதவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போன எங்களைக் கேளுங்கள். என் பகுதியில் ஒரு குடும்பம் அப்பாவுக்கு வருஷத் திதியன்று பந்தல் போட்டு, சாவுக்கு வர முடியாமல் போன எல்லாருக்கும் சொல்லி அனுப்பி, அன்றைக்குத்தான் ஒப்பாரி வைத்தார்கள். சரியான வேலை செய்தார்கள் என்பேன். ஒரு வருஷம் கழித்து எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களை நான் கண்டுகொள்ளவில்லை.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை தட்டினீர்கள், விளக்கு ஏற்றினீர்கள், மே 3-ந் தேதி ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். நீ எப்படிம்மா இருக்கிறாய் என்று கேட்க ஏற்பாடு இல்லை. வீட்டுக்குப் போய்ப் பின்பக்கமாகக் குளித்துவிட்டு, பேரப்பிள்ளையைத் தூக்காமல் தனியாகப் படுத்தோம், அவ்வளவுதான், மேலே எழுதினால் நீளும்.

இப்போது நிலைமை அப்போதைவிடப் பரவாயில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து 14416 இருக்கிறது. மத்திய அரசு டெலி மானஸ் என்கிறது, நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்று பெயர். காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதலில் எடுக்கிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைத்துவிடுவார்கள், நேரில் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் எங்கே போவது என்றும் சொல்வார்கள். கஷ்டத்தில் இருப்பவரே பேச வேண்டும் என்று இல்லை, மனைவியோ மகனோ கூப்பிட்டு, இவர் இப்படி இருக்கிறார், நான் என்ன செய்ய என்று கேட்கலாம். இதுதான் ரொம்ப முக்கியம், ஏனென்றால் படுத்துவிட்ட ஆள் போனை எடுக்கவே மாட்டார். நேரில் போகிறவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது, மருந்து இலவசம். அந்த வாசலில் யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தயங்குகிறவர்களிடம் நான் சொல்வது: தூக்கம் வரவில்லை என்று சொல்லிச் சீட்டுப் போடுங்கள், உள்ளே போய் மிச்சத்தைச் சொல்லுங்கள். உங்கள் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.

2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற சாதாரணப் பிரச்சினை உள்ளவர்களில் 85 சதவீதம் பேர் சிகிச்சைக்கே போகவில்லை என்று வந்தது. அது கொரோனாவுக்கு முன்னால். தொற்றின் முதல் வருஷத்தில் இந்த இரண்டும் உலக அளவில் 25 சதவீதம் கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும், டாக்டர்களை மட்டும் கூட்டினால் போதாது, வாசல் எங்கே இருக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். அது சுகாதாரத் துறையால் மட்டும் ஆகாது, உங்களாலும் ஆகும்.

அதனால் நான் கேட்பது இரண்டு. சுகாதாரத் துறையினர் இதைப் படித்தால், அடுத்த தொற்றுக்கு அச்சடிக்கிற படிவத்தில் தூங்கினீர்களா, சாப்பிட முடிகிறதா, வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை கையில் இருக்கிறதா, குடியை நிறுத்தியிருக்கிறீர்களா என்று நான்கு கேள்வி சேருங்கள். உங்களுக்கு ஆசிரியரே, இன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறப்பு என்று முதல் பக்கத்தில் பெட்டி போடுவீர்கள் அல்லவா, அதே பெட்டியில், அதே அளவு எழுத்தில், "தூக்கம் வரவில்லையா, படபடப்பா, கை நடுங்குகிறதா, வீட்டில் யாராவது பேசாமல் இருக்கிறார்களா, 14416" என்று போடுங்கள். போடுவதற்கு முன்னால் உங்கள் நிருபர் ஒருவரை விட்டு ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அதையும் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.