சரக்கு ரயில் ஏன் தடம் புரண்டது என்பதை மக்களுக்கும் சொல்லுங்கள்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் தடம் புரண்டு, 18 வேகன்கள் தீக்கிரையாயின. உயிரிழப்பு இல்லை என்று அறிந்து ஆறுதல் அடைந்தோம். ஆயினும், சென்னை–அரக்கோணம் தடத்தில் அன்றாடம் பயணம் செய்யும் என் போன்றோருக்கு அது எங்கோ நடந்த விபத்தன்று. அந்தத் தடத்தில்தான் எங்கள் புறநகர் ரயில்களும் செல்கின்றன.

தண்டவாளத்துக்குள் வளரும் மயிரிழை விரிசல், வெல்டிங் இணைப்பு விட்டுப்போதல், பேரிங் சூடேறி அச்சு முறிதல், தேய்ந்த சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறுதல், ஒருபக்கம் சாய்ந்த பாரம் என ஒரு வேகன் தடம் புரளப் பல காரணங்கள் இருக்கலாம். விபத்துக்குப் பின் முறிந்த தண்டவாளம் கிடைத்தால், அது விபத்துக்குக் காரணமா, விளைவா என்பதை முறிந்த முகமே பெரும்பாலும் காட்டும்: துருவேறிக் கறுத்த பகுதி விரிசல் பழையது என்பதையும், முகம் முழுதும் பளபளப்பாக இருப்பது அப்போதுதான் முறிந்தது என்பதையும் உணர்த்தும். சக்கரம் முதலில் இறங்கிய இடத்தில் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் விளிம்பு ஏறிய நீண்ட தடம் உள்ளதா என்பதும் அவ்வளவு முக்கியம். தீயும், போக்குவரத்தை விரைந்து சீராக்கும் அவசரமும் முதலில் அழிப்பது இச்சான்றுகளைத்தான். இரவு பகலாகத் தடத்தைச் சீரமைக்கும் தொழிலாளர்களின் உழைப்பை நான் குறை கூறவில்லை. முறிந்த துண்டுகளைப் படமெடுத்து, அடையாளமிட்டுப் பாதுகாத்த பிறகே அவர்களுக்குப் பணி ஆணை வழங்க வேண்டும் என்கிறேன்.

2017-18 முதல் 2020-21 வரையிலான 1,129 தடம்புரள்வு விசாரணை அறிக்கைகளை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 422 நிகழ்வுகளுக்குப் பொறியியல் துறை பொறுப்பு என்றும், அவற்றுள் 171 தண்டவாளப் பராமரிப்புக் குறையால் நேர்ந்தவை என்றும் பதிவு செய்துள்ளார். 63 விழுக்காடு அறிக்கைகள் குறித்த காலத்துக்குள் சமர்ப்பிக்கப்படவில்லை என்ற அவருடைய குறிப்பே என்னை மிகவும் கவலைக்குள்ளாக்குகிறது.

பயணிகள் ரயில் விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழுள்ள ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். சரக்கு ரயில் தடம் புரண்டாலோ, பெரும்பாலும் ரயில்வே அதிகாரிகளே விசாரிக்கிறார்கள். தண்டவாளத்துக்குப் பொறுப்பான துறையும் வேகனுக்குப் பொறுப்பான துறையும் ஒன்றையொன்று சுட்டும்போது, அவற்றைச் சாராத ஒருவர் முடிவு சொல்வதே முறை.

எனவே, எரிபொருளோ நச்சுப் பொருளோ ஏற்றிய ரயில் தடம் புரளும் ஒவ்வொரு முறையும் விசாரணையைப் பாதுகாப்பு ஆணையரிடம் ஒப்படைக்கவும், திருவள்ளூர் விபத்தின் முழு விசாரணை அறிக்கையையும் உலோக ஆய்வு முடிவுகளையும் தமிழிலும் பொதுவெளியில் வைக்கவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னை–அரக்கோணம் தடத்தின் அன்றாடப் பயணி ஒருவர்