பியானோ சங்க ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பிள்ளைகளின் கோடைக் கச்சேரி நல்லபடியாக முடிந்தது. கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி மழையால் ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

இந்த ஆண்டு நாம் செய்த பெரிய காரியம், இத்தாலிய இசையமைப்பாளர் கிளெமென்டிக்காக நடத்திய மாலை நிகழ்ச்சிதான். பீத்தோவன் இருக்க இவர் எதற்கு என்று செயற்குழுவில் கேட்டார்கள். சொன்ன பதிலை இங்கே பதிவு செய்கிறேன். ஸ க ஸ என்று தொட்டு, கீழ்ப் பஞ்சமத்தில் இரண்டு தட்டுத் தட்டித் தொடங்கும் சொனாட்டினா என்ற சிறு உருப்படியை வாசிக்காமல் நம் பிள்ளைகள் யாரும் மேலே போவதில்லை. 1797இல் வந்த ஓபஸ் 36 என்ற தொகுப்பின் முதல் உருப்படி அது. அதை எழுதியவர் கிளெமென்டிதான். எழுதியவர் யார் என்றால் முழிக்கிறார்கள்.

முட்சியோ கிளெமென்டி 1752இல் ரோமில் ஒரு வெள்ளி வேலைக்காரரின் மகனாகப் பிறந்தார். பதினான்கு வயதுக்குள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலை. அந்த வாசிப்பைக் கேட்ட பீட்டர் பெக்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர், தகப்பனாருக்குப் பணம் தருவதாகப் பேசிப் பையனை இங்கிலாந்துக்குக் கூட்டிப் போனார். டார்செட் கிராமப்புறத்து மாளிகையில் ஏழு வருடம் சாதகம். அப்புறம் லண்டன், கச்சேரி, புகழ்.

1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில் மோட்சார்ட்டோடு போட்டி. கிளெமென்டி மோட்சார்ட்டின் வாசிப்பை மனம்விட்டுப் புகழ்ந்தார். மோட்சார்ட்டோ, ரசனையில்லாத வெறும் இயந்திரம் என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தை வைத்து இன்றுவரை இவரை ஒதுக்குவது அநியாயம். நாக்டர்ன் என்ற, இரவின் அமைதியைச் சொல்லும் பியானோ வடிவத்தைத் தொடங்கிவைத்த ஜான் ஃபீல்டு இவரிடம் படித்தவர். 'கிராடஸ் அட் பர்னாசம்' என்ற பெயரில் 100 பியானோப் பயிற்சி உருப்படிகளை 1817க்கும் 1826க்கும் இடையில் வெளியிட்டார். பியானோ செய்து விற்றார். 1807இல் பீத்தோவனோடு ஒப்பந்தம் போட்டு அவர் இசையை இங்கிலாந்தில் பதிப்பித்தார். 1832இல் இறந்தபோது, வெளியூரிலிருந்து வந்த அந்த மனிதரை லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

இதையெல்லாம் சொல்லி, இடையிடையே வாசித்துக் காட்டும்படி நிகழ்ச்சியை அமைத்திருந்தோம். கடற்காற்றில் சுதி நிற்காத நம் பியானோவை அதற்கென்றே ட்யூன் செய்தோம். மூன்றாம் கிரேடு படிக்கும் ஒரு சிறுமி இடது கையைத் துளியும் அழுத்தாமல் வாசித்தபோது, எத்தனையோ தடவை கேட்ட சொனாட்டினா புதிதாக ஒலித்தது. அதைக் கேட்கப் பாதி நாற்காலிகளில் ஆளில்லை. வாசிப்பதாகப் பெயர் கொடுத்த இரண்டு மூத்த உறுப்பினர்கள் அன்று மதியம்தான் வர இயலாது என்று செய்தி அனுப்பினார்கள். வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது. செலவில் பெரும்பகுதி ட்யூனிங்குக்கும் மண்டப வாடகைக்கும் போனது. உறுப்பினர்களில் பாதிப்பேர் சந்தா இன்னும் பாக்கி. நன்கொடையாளர்கள் கைகொடுத்ததால் சமாளித்தோம். அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், மண்டபக் காவலருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஜான் ஃபீல்டு மாலை நடத்த விருப்பம். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் மகிழ்வேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன். பியானோவின் சுத்தியல்களுக்குப் புதிய ஃபெல்ட் (கம்பளி உறை) போட்டாக வேண்டும். பாக்கிச் சந்தா வந்துவிட்டால் அதற்குத் தனியாக வசூல் தேவைப்படாது. ஜூன் மாதத்துக்குள் செலுத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்